இரவல் போன மருந்துச் சட்டி

— வாயைத் திற. முறைக்காதே, திற. முழுக் கிண்ணமும் உள்ளே போகணும். ஏய், தள்ளாதே... தள்ளாதேன்னு சொல்றேன்ல! போச்சு. மெத்தை, போர்வை, என் சட்டை, எல்லாத்துலயும் மண்புழுக் கஷாயம்.

— ம்ம்... ம்ம்.

— என்ன ம்ம்? விடிஞ்சதும் எழுந்து வேரை ஊற வெச்சு, முதல் கொதி வடிச்சு, ரெண்டாம் கொதி வடிச்சு, ரெண்டையும் கலந்து, ஆற வெச்சு எடுத்துட்டு வந்தா, ஒரே தட்டு. வலது கை செத்துப் போச்சு. இந்த இடது கைக்கு மட்டும் எங்கேருந்து இவ்வளவு பலம் வருது, சாங்கென்? தள்ளறதும் சரியா என் பக்கமாவே தள்றே. என் மூஞ்சியில ஊத்தணும்னே படுத்திருக்கியா?

— சட்...டி.

— ஆமா, சட்டி. விழுந்ததுலேருந்து உன் வாயில வர்ற ஒரே வார்த்தை. பொண்டாட்டி என் பேர் வரல, மகள் பேர் வரல. சட்டி மட்டும் சுத்தமா வருது.

— யின்ஃபெங் அக்கா... கதவு திறந்திருக்கு. உள்ளே வரலாமா?

— யாரு, சூஹுவாவா? வராதே. வாசல்லயே நில்லு.

— தாமரைக்கிழங்கு சூப் கொண்டு வந்தேன், அக்கா. விலா எலும்பு போட்டது. அண்ணனுக்கு...

— கொண்டு வந்ததெல்லாம் போதும்மா. நீ இந்த வீட்டுக்குக் கடைசியா கொண்டு வந்த சாமான் என்ன வேலை பண்ணுச்சுன்னு, இதோ கட்டில்ல படுத்திருக்கு, பாத்துட்டுப் போ.

— நான் கொண்டு வரல, அக்கா. எத்தனை தடவை சொல்றது?

— நீ கொண்டு வரலேன்னா சட்டிக்குக் கால் முளைச்சுதா? உங்க மூணாம் மாடியிலேருந்து எங்க நாலாம் மாடிக்கு அதுவா படியேறி வந்து, பால்கனி மூலையில துணியைப் போர்த்திக்கிட்டு உக்காந்துக்கிச்சா? நல்லாருக்கு கதை.

— சத்தியமா நான் கொண்டு வரல.

— கேட்டுக்கோ. ஊர்ல எதை இரவல் வாங்கினாலும் திருப்பிக் குடுக்கணும். மருந்துச் சட்டி ஒண்ணைத்தான் திருப்பிக் குடுக்கக் கூடாது. சட்டிக்குச் சொந்தக்காரங்களுக்கு வேணும்னா அவங்களே வந்து எடுத்துக்கணும். வாங்கினவங்க திருப்பிக் கொண்டு போய் வெச்சா என்ன அர்த்தம்? எங்க வீட்டு நோய் இனிமே உங்க வீட்டுலன்னு அர்த்தம். இந்த மில் குடியிருப்புல மூக்கு ஒழுகற குழந்தைக்குக்கூட இது தெரியும். உனக்குத் தெரியாதா?

— தெரியும் அக்கா. தெரிஞ்சதுனாலதான் என் வீட்டுக்காரர் பக்கவாதம் தெளிஞ்சு எழுந்து நடமாடின பிறகும் உங்க சட்டியைக் கழுவித் துடைச்சு என் வீட்டுலயே வெச்சிருந்தேன்.

— வெச்சிருந்தே. அப்புறம் ஒரு நாள் அலுத்துப் போச்சு. நான் சந்தைக்குப் போன நேரம் பாத்து மேலே வந்து வெச்சுட்டுப் போயிட்டே. அந்த வாரமே இவன் கழிவறையில விழுந்தான். உன் புருஷன் குவாங் கீழே மாஜாங் ஆடறான். கட்டையைத் தட்டித் தட்டிச் சிரிக்கறது நாலாம் மாடி வரைக்கும் கேக்குது. என் புருஷனால ஸ்பூனைப் பிடிக்க முடியல. கணக்கு சரியா வருதா?

— அப்படிச் சொல்லாதீங்க. அவருக்கே மனசு கஷ்டமா இருக்கு. ‘சாங்கென் அண்ணனைத் தூக்கி உக்கார வைக்க நான் போறேன்’னு தினம் சொல்றார். நீங்கதான் படியேற விடமாட்டேங்கறீங்க.

— வேண்டாம். நானே தூக்கிக்கறேன். மில்லுல பஞ்சுப் பொதி தூக்கினவ நான். இவன் எந்த மூலைக்கு?

— சரி அக்கா. சூப்பை இங்கே வாசப்படியில வெச்சுட்டுப் போறேன்.

— வெக்காதே. எடுத்துட்டுப் போ. போற வழியில உன் வாசல்ல பாத்துப் போ, வழுக்கும்.

— தெரியும். கஷாயச் சக்கையை எங்க வாசல்ல கொட்டறது நீங்கதான்னு தெரியும்.

— நடு ரோட்டுல கொட்டணும்னுதான் சொல்லுவாங்க. போறவங்க வர்றவங்க மிதிச்சா நோய் அவங்க காலோட போயிடுமாம். ரோட்டுல போறவன் எனக்கு என்ன பண்ணான், பாவம்? எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே போகட்டும்னு கொட்டினேன். மிதிச்சியா?

— மிதிச்சேன்.

— நல்லது.

— தெரியாம மிதிக்கல அக்கா. தெரிஞ்சேதான் மிதிச்சேன். தினம் காலைல குவாங் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி வெளியே வந்து, நல்லா நாலு பக்கமும் மிதிச்சுட்டு, அப்புறம்தான் பெருக்கித் தள்றேன்.

— என்ன உளர்றே?

— அண்ணன் நோய் கொஞ்சம் என் காலோட வர்றதுன்னா வரட்டும்னு.

— ...சூஹுவா, அழறதா இருந்தா கீழே போய் அழு. எனக்கு இங்கே வேலை இருக்கு. போர்வை மாத்தணும்.

— அடுப்புல இருக்கறது என்ன அக்கா, அலுமினியச் சட்டியா?

— வாசல்ல நின்னு அடுப்பை ஏன் எட்டிப் பாக்கறே?

— அடுப்பே வாசல்லதானே இருக்கு, கண்ணை மூடிக்கவா? மண்சட்டியிலதான் காய்ச்சணும், இரும்பு ஆகாது, அலுமினியம் ஆகாதுன்னு டாக்டர் லுவோ சொல்லலையா? குவாங்குக்கு அதைத்தான் முதல்ல சொன்னார்.

— சொன்னார். போன வாரம் வீட்டுக்கு வந்து இவன் நாக்கைப் பாத்தார், ரெண்டு கையிலயும் நாடி பிடிச்சார். ‘ஒண்ணும் மாறலையே, எதுல காய்ச்சறீங்க?’ன்னார். மண்சட்டியிலன்னு சொன்னேன்.

— பொய் சொன்னீங்களா? டாக்டர்கிட்டயா?

— பின்னே? கீழ் வீட்டுக்காரி சாபம் வெச்ச சட்டி பால்கனியில இருக்கு, அதைத் தொட மாட்டேன்னு சொல்லவா? அவர் படிச்ச மனுஷன். சிரிப்பார்.

— உங்க சூப் பானையிலயாவது...

— மண்புழு காய்ச்சின பானையில அப்புறம் யார் சூப் குடிப்பா? உன் பானையில நீ காய்ச்சுவியா?

— புதுசா ஒரு சட்டி வாங்கிட்டு வந்திருக்கலாமே.

— கடைக்குப் போய், இருக்கறதுலயே நல்லதாப் பொறுக்கி, நோயை வாங்கிக் கூடையில போட்டுட்டு வரச் சொல்றியா? யார் வீட்டுலயாவது வாங்குவாங்களா? இரவல்தான் வாங்குவாங்க. எங்க மாமியார் காலத்துச் சட்டி அது. அதை வாங்கினவங்க யாருன்னு அவங்களுக்கே தெரியாது.

— மருந்துக் கடையிலயே இப்பல்லாம் மெஷின்ல காய்ச்சி பாக்கெட்டுல போட்டுத் தர்றாங்க அக்கா. சுட வெச்சுக் குடுத்தாப் போதும்.

— பத்து பேர் மருந்து ஒரே மெஷின்ல. யார் புழு யார் வயித்துலயோ. எனக்கு வேண்டாம். உனக்கு இவ்வளவு யோசனை இருக்கே, இவனைக் குடிக்க வைக்க ஒரு யோசனை சொல்லு பாப்போம். ஆஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்கா விழுங்கறான். பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு காலைத் தூக்குன்னா தூக்கறான், அவகிட்ட சிரிக்கக்கூட செய்யறான். இந்தக் கஷாயத்தைக் கொண்டு வந்தா மட்டும் உடனே கை வருது. தட்டறான்.

— ஒரு வாய்கூடவா குடிக்கல?

— தூங்கும்போது ஸ்பூன்ல ஊத்திப் பாத்தேன். துப்பிட்டான். மூக்கைப் பிடிச்சு ஊத்திப் பாத்தேன். கடிச்சான். இங்கே பாரு, பல் தடம். ஹுவாங்சி வேர் கைநிறையப் போட்டு, மத்ததெல்லாம் சிட்டிகை சிட்டிகையாப் போட்டு எழுதிக் குடுத்திருக்கார். வேர் உடம்புக்குத் தெம்பு குடுத்துத் தள்ளுமாம், ரத்தம் ஓடுமாம். புழு மண்ணுக்குள்ள குடைஞ்சு போற மாதிரி அடைச்ச நரம்புக்குள்ள குடைஞ்சு போகுமாம். எல்லாம் சரி. உள்ளே போனாத்தானே குடையும்? என் மெத்தையைத்தான் குடைஞ்சிட்டிருக்கு.

— சட்...டி. சட்டி.

— பாத்தியா, உன்னைப் பாத்ததும் சொல்றான். அவனுக்கும் தெரியும். உன்னைத்தான் சொல்றான்.

— அண்ணே...

— அவனைக் கூப்பிடாதே. டாக்டர் லுவோ என்ன சொல்லிட்டுப் போனார் தெரியுமா? ‘முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் நல்லா வரும். அதுக்கப்புறம் வர்றது ரொம்பக் கஷ்டம்’னார். நாள் ஓடிட்டே இருக்கு. ஒவ்வொரு கிண்ணமும் தரையில. இவன் கை வரலேன்னா, இவன் பேச்சு வரலேன்னா, நான் செத்த பிறகும் உன்னை விட மாட்டேன், கேட்டுக்கோ.

— அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். முழுசாக் கேளுங்க. நடுவுல கத்தாதீங்க.

— நான் எங்கே கத்தறேன்?

— இப்பவே கத்தறீங்க.

— தறி ஓட்டி ஓட்டிக் காது போயிடுச்சு. என் பேச்சே அப்படித்தான். சொல்லு.

— சட்டியை யாரும் திருப்பிக் கொண்டு வந்து வைக்கல. சொந்தக்காரர் வந்து எடுத்துட்டுப் போனார்.

— எந்தச் சொந்தக்காரர்?

— அண்ணன்தான்.

— எந்த அண்ணன்?

— இதோ, கட்டில்ல இருக்கற அண்ணன். அவர் விழறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்தார். நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்க. ‘சூஹுவா, சட்டி வீட்டுக்கு வேணும்’னார். நான் எடுத்துக் கையில குடுக்கல. அலமாரியைக் காட்டினேன். அவரே எடுத்துக்கிட்டார். முறைப்படிதான் நடந்துச்சு.

— பொய்.

— டாக்டர் லுவோ எந்தெந்த நாள்ல உக்கார்றார்னு கேட்டார். குவாங்குக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது, கை மரத்துச்சா, வாய் கோணிச்சா, என்னென்ன மருந்து போட்டாங்கன்னு கேட்டார். திங்கக்கிழமை போகணும்னார். ஞாயித்துக்கிழமை விழுந்துட்டார்.

— பொய் சொல்றே. இவனுக்கு உடம்பு சரியில்லேன்னா என்கிட்ட சொல்லாம உன்கிட்ட வந்து சொல்லுவானா?

— ‘யின்ஃபெங்கிட்ட சொல்லாதே, கத்துவா’ன்னார்.

— ...அதைச் சொன்னானா?

— சொன்னார்.

— அப்போ அது அவன்தான். சாங்கென், என்னைப் பாரு. நீயா போய் எடுத்துட்டு வந்தே?

— ஆ...மா.

— நீயா துணியைப் போட்டு மூடி வெச்சே?

— ஆமா.

— இத்தனை நாளா சட்டி சட்டின்னு கத்தினது...

— ம்ம். ம்ம்!

— சூஹுவா, ஏன்டி இவ்வளவு நாள் வாயை மூடிட்டு இருந்தே? நான் உன்னை என்னவெல்லாம் சொன்னேன். மாடிப் படியில வெச்சு, எல்லார் முன்னாடியும் சொன்னேனே.

— அவருக்கு வாக்குக் குடுத்தேன். அதோட எனக்குப் பயம் அக்கா. அன்னிக்கே உங்க காதுல போட்டிருந்தா நீங்க உடனே இழுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பீங்க. அவருக்கு இப்படி ஆகியிருக்காது. இவர் கை போனதுக்கு நான்தான் காரணம். சட்டி கொண்டு வந்த பழி அதைவிடச் சின்னதா இருந்துச்சு. அதையே சுமந்துக்கலாம்னு நினைச்சேன்.

— சொல்லியிருக்கணும்.

— சொல்லியிருக்கணும்.

— ஆமா, சொல்லியிருக்கணும். நான் ஒண்ணும் பெரிய மனசு பண்ணி உன் தப்பில்லேன்னு சொல்லப் போறதில்ல. அந்த சூப்பை வாசப்படியில ஏன் வெச்சிருக்கே, பூனை வாய் வைக்கவா? உள்ளே எடுத்துட்டு வா. செருப்பைக் கழட்டாதே, தரையெல்லாம் கஷாயம்.

— துணி எங்கே இருக்கு? நான் துடைக்கறேன்.

— நாற்காலி மேலே. டேய் கிழவா, உனக்குத் தெரிஞ்சிருக்கு! கை மரத்துப் போறது தெரிஞ்சிருக்கு, என்கிட்ட மறைச்சிருக்கே. நான் கத்துவேன்னு. கத்துவேன்தான். கத்திக்கிட்டே காய்ச்சிக் குடுத்திருப்பேன். கத்திக்கிட்டே நாலு மாடி தூக்கிட்டு இறங்கியிருப்பேன். என்னைக்காவது கத்திட்டு செய்யாம விட்டிருக்கேனா?

— இல்...ல.

— என்ன இல்ல?

— இல்ல. நீ... சட்டி... நீ.

— நான் என்ன? நான்தான் காரணமா? என் வாய்க்குப் பயந்துதான் விழுந்தியா? சூஹுவா, பாரு, படுத்துக்கிட்டும் என்னைத்தான் குத்தம் சொல்றான்.

— குத்தம் சொல்ற முகமா இல்ல, அக்கா.

— எனக்குத்தான் புத்தி இல்ல. நானே கவனிச்சிருக்கணும். அவன் விழறதுக்கு முந்தின வாரமே ஒரு மாதிரி நடந்துக்கிட்டான். இப்ப யோசிச்சா ஒவ்வொண்ணாத் தெரியுது.

— என்ன பண்ணார்?

— ஒரு நாள் சாப்பிட உக்காந்தோம். ‘அந்தச் சாவியை எடு’ன்னேன். குச்சியைத்தான் சொன்னேன், சாப்பிடற குச்சி, வாயில சாவின்னு வந்துடுச்சு. பேச்சுவாக்குல வரும்ல? சிரிச்சுட்டு விட்டுட்டேன். அவன் சிரிக்கல. சோத்துக் கிண்ணத்தைக் கீழே வெச்சுட்டு என்னையே முழிச்சுப் பாத்துட்டிருக்கான். எவ்வளவு நேரம்! ‘என்னடா கிழவா, பேயைப் பாத்தியா?’ன்னேன். அந்தப் பார்வையிலயே தெரிஞ்சிருக்கணும் எனக்கு, இவனுக்கு மூளையில ஏதோ ஆகுதுன்னு.

— அப்புறம்?

— இன்னொரு நாள் டீ குடிச்சிட்டிருந்தேன். வாயோரமா வழிஞ்சிருக்கு போல, எனக்குத் தெரியல. எழுந்து வந்து தன் சட்டைக் கையால துடைச்சு விட்டான். கல்யாணம் ஆனதுலேருந்து என் மூஞ்சியை ஒரு தடவை துடைச்சு விட்டவன் இல்ல. என் கன்னத்தை இப்படிப் பிடிச்சுக்கிட்டு, ‘சிரி’ங்கறான். ‘இன்னொரு தடவை சிரி’ங்கறான். இந்த வயசுல! எனக்கு வெக்கமா போச்சு. போடான்னு கையைத் தட்டி விட்டேன். நல்லா இருக்கறவன் செய்யற வேலையா அது? அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்.

— ...அது எப்போ அக்கா? சட்டி எடுக்க வந்ததுக்கு முன்னாடியா?

— அதுக்கு மறுநாளோ என்னவோதான் நீ சொல்ற நாள். ஏன்?

— ஒண்ணுமில்ல. உங்க ரத்த அழுத்த மாத்திரை...

— என் மாத்திரைக்கு என்ன இப்போ? இவன் விழுந்ததுலேருந்து எதைச் சாப்பிட்டேன், எதை விட்டேன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு? அதெல்லாம் அப்புறம். போய் அந்தச் சட்டியை எடுத்துட்டு வா. பால்கனியில, முட்டைக்கோஸ் கூடைக்குப் பின்னாடி. மேலே செங்கல் வெச்சிருக்கேன், தூக்கி ஓரமாப் போடு.

— செங்கலா? எதுக்கு?

— எழுந்து வந்துடக் கூடாதுன்னு. சிரிக்காதே. உன் சட்டியா இருந்தா நீயும் வெப்பே.

— இந்தாங்க. கைப்பிடி கொஞ்சம் விரிசல் விட்டிருக்கு. அது எங்க வீட்டுல இருக்கும்போதே அப்படித்தான்.

— நல்லாத் தேய். கொதிதண்ணி ஊத்தி அலம்பு. ஊறின மருந்து ஒரு பொட்டலம் இருக்கு, சாயங்காலத்துக்குன்னு வெச்சது. அதைப் போடு. தண்ணி மருந்துக்கு மேலே ரெண்டு விரல் நிக்கணும்.

— எனக்குத் தெரியும் அக்கா. ரெண்டு வருஷம் இதே சட்டியில காய்ச்சியிருக்கேன். நீங்க கட்டில் பக்கம் உக்காருங்க. நிக்கும்போது ஒரு பக்கமா சாயறீங்க.

— ராத்திரியில இவனைப் புரட்டிப் புரட்டித் தோள் இறங்கிப் போச்சு. குவாங்கை வரச் சொல்லு, நாளைக்கு. அவனாவது தூக்கட்டும். தீ பெருசா இருக்கு பாரு.

— கொதி வரட்டும், குறைக்கறேன். அண்ணன் நம்மளையே பாத்துட்டிருக்கார். அடுப்பையும் பாக்கறார், உங்களையும் பாக்கறார்.

— சட்டி அடுப்புல ஏறினதும் முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு பாரு. முதல்லயே இதுல காய்ச்சியிருந்தா இத்தனை நாள் பாழாகியிருக்காது. என் பிடிவாதம். சாங்கென், கேட்டுக்கோ, இனிமே சண்டை இல்ல. உன் சட்டி, உன் மருந்து. குடிக்கறே, கையைத் தூக்கறே, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறே. இல்லேன்னா பார்.

— ம்ம்.

— சூஹுவா, எங்க ரெண்டு பேருக்கும் அந்த சூப்பைக் கொஞ்சம் ஊத்து. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. கிழங்கு நல்லா மாவா வெந்திருக்கா?

— வெந்திருக்கு. இந்தாங்க. இடது கையால வாங்காதீங்க, சூடு. ரெண்டு கையாலயும் பிடிங்க.

— பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன். குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றே. உப்பு கம்மி.

— எப்பவும் உப்பு கம்மின்னுதான் சொல்லுவீங்க.

— கம்மியா இருந்தா கம்மின்னுதான் சொல்லணும். அவனுக்குக் கொஞ்சம் ஊட்டு, மெதுவா, புரையேறும். பாரு, சூப்பு குடிக்கறான். உன் சூப்பு குடிப்பான், என் கஷாயம் குடிக்க மாட்டான்.

— கஷாயம் ரெண்டாம் கொதியும் ஆயிடுச்சு அக்கா. வடிச்சிட்டேன். நிறம் பாருங்க. அலுமினியத்துல கறுப்பா இருந்துச்சு, இதுல சிவப்பா இறங்கியிருக்கு. மருந்துல போட்ட குசும்பப்பூவோட நிறம்.

— கொண்டா. ஊதிக் குடு. சாங்கென், நிமிரு. இதோ, உன் சட்டியில காய்ச்சினது. ஊர் முழுக்க என்னைப் பைத்தியக்காரின்னு சொல்ல வெச்சு, கடைசியில நீ கேட்ட மாதிரியே ஆச்சு. திற.

— ம்ம்.

— திரும்பவுமா? தள்ளாதே... அடப் பாவி, இன்னும் என்னதான் வேணும் உனக்கு? சூஹுவா, நீ கிண்ணத்தைப் பிடி, நான் இவன் கையைப் பிடிக்கறேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு.

— அக்கா, இருங்க. கையை விடுங்க. அவர் தட்டி விடல. பாருங்க, பாத்துப் பாத்து நகர்த்தறார். ஒரு சொட்டு சிந்தல.

— என் பக்கம்தானே நகர்த்தறான்? எப்பவும் அப்படித்தான்.

— அதைத்தான் சொல்றேன்.

— ஓ, ருசி பாக்கச் சொல்றானா? விஷம் வெச்சிருவேன்னு பயமா, கிழவா? இந்தா, குடிச்சேன். த்தூ, கசப்பு. செத்த எலி வாசனை. போதுமா? இப்ப நீ குடி.

— இல்...ல.

— இல்லயா?

— முழு...சா. நீ.

— முழுசா நான் குடிச்சா நீ எதைக் குடிப்பே? எனக்கா பக்கவாதம்? சூஹுவா, இவன் விளையாடறான். இத்தனை நாள் அழ வெச்சுட்டு இப்ப விளையாடறான்.

— அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க.

— யாரு, நானா?

— ஆமா, நீங்கதான். அண்ணே, என்னைப் பாருங்க. அவசரமில்ல. அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தப்போ உங்க கை மரத்திருந்துதா?

— இல்ல.

— தலை சுத்தலோ, கண்ணு மங்கலோ, ஏதாவது?

— இல்ல. நல்...லா.

— நல்லா இருந்தீங்க. அப்போ சட்டி யாருக்குக் கேட்டீங்க?

— யி...

— மெதுவா சொல்லுங்க அண்ணே.

— யின்... யின்...ஃபெங்.

— சூஹுவா! கேட்டியா? கேட்டியா நீ? என் பேர்! என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்! கஷாயம் இன்னும் உள்ளேகூடப் போகல, சட்டி அடுப்புல ஏறினதுமே பேச்சு வந்துடுச்சு! போனை எடு, மகளுக்குப் பேசணும், ஷென்சென்ல இப்ப வேலை நேரம், பரவால்ல, பேசணும். ஏன் மரம் மாதிரி நிக்கறே? சந்தோஷப்படற நேரத்துல ஏன் அழறே? கிழவா, இன்னொரு தடவை சொல்லு. சொல்லு.

— யின்ஃபெங்.

— இதோ இருக்கேன்டா, இங்கேதான் இருக்கேன். என்ன வேணும், சொல்லு.

— அக்கா, அவர் உங்களைக் கூப்பிடல. சட்டி யாருக்குன்னு நான் கேட்டதுக்குப் பதில் சொல்றார்.